கிழித்த தோல்

எங்கள் ஊரில் மாடு செத்தால் எப்படிச் செத்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். யார் செய்தது என்றுதான் கேட்பார்கள். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ வந்த புதிதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. எங்கள் நைனா வீட்டில் மாடு செத்தால் அம்மா அழுவாள், நைனா இரண்டு வேளை சாப்பிட மாட்டார், அவ்வளவுதான். இங்கே அழுகைக்கு முன்னால் விசாரணை. கொட்டகைப் பக்கம் யார் வந்தது, யார் கண் வைத்தது, தவிடு யார் கலந்தது, யாரோடு வரப்புத் தகராறு என்று ஆரம்பித்துவிடுவார்கள். சொல்லப்போனால் எனக்கும் அந்தக் குணம் கொஞ்சம் தூக்கல்தான். யாராவது என்னிடம் தேன் ஒழுகப் பேசினால், இவனுக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். அதனால் இந்த ஊரோடு நான் சீக்கிரமே ஒட்டிக்கொண்டேன்.

ஊர் திருத்தணிக்கும் கே.ஜி.கண்டிகைக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஏரிக்கரை ஓரமாக இருந்தது. களத்தில் நின்றால் மலைக்கோயில் தெரியும். என் வீட்டுக்காரர் என் அத்தை மகன்தான். சின்ன வயதில் பாவா, பாவா என்று பின்னாலேயே சுற்றினேன். கல்யாணத்துக்குப் பிறகு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் "இந்தாங்க" என்று ஆக்கிக்கொண்டேன். அத்தை என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டாள். வீட்டில் மாமனார், அவர், நான் மூன்று பேர்தான். ஊரில் மாமனார் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் ஊரே அலைந்தது. அந்த வருஷம் கோடை நீண்டு, ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்து, ஆனிக் கடைசியில் ஒரு மழை பெய்தது. ஏரிக்குள் பசும்புல் தலைகாட்டியது. பட்டினி கிடந்த மாடுகள் அதை மண்ணோடு சேர்த்து மேய்ந்தன. புல்லைப் பார்த்து எல்லாருக்கும் சந்தோஷம். அந்த வாரமே எங்கள் ஏர் மாட்டு ஜோடியில் வலத்து மாடு செத்துப்போனது.

காலையில் கூளம் தின்ற மாடு, மத்தியானம் ஏரியில் தள்ளாடிக் கீழே விழுந்தது. போய்ப் பார்ப்பதற்குள் வயிறு உப்பிவிட்டது. மூக்கிலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் ரத்தம் தார் மாதிரிக் கறுப்பாக, உறையாமல் வழிந்துகொண்டே இருந்தது. எங்களுக்குச் சப்பை நோய் தெரியும், தொண்டை அடைப்பான் தெரியும், கோமாரி தெரியும். இது எதிலும் சேரவில்லை. வீக்கம் இல்லை, நுரை இல்லை, ஒரு நாள் படுத்துக் கிடக்கவும் இல்லை. மாமனார் மாட்டை ஒருமுறை சுற்றி வந்து, பாஷாணம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

யார் வைத்தது என்பதற்கும் பதில் தயாராக இருந்தது. செத்த மாடு சேரிக்குப் போவது வழக்கம். எங்கள் வீட்டு மாட்டை எடுத்துப்போகிற பாத்தியதை எங்கள் படியாளுக்கு. அவன் தலைமுறை தலைமுறையாக எங்கள் நிலத்தில் பாடுபடுகிறவன். எங்கள் ஏரை ஓட்டுகிறவனும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவனும் அவன்தான். மாடு செத்தால் ஊருக்கு வெளியே இருக்கும் பாறை மேட்டுக்குத் தூக்கிப்போய் அங்கே வைத்து உரிப்பான். அங்கே புல் கிடையாது, மாடு போகாது. வலத்து மாட்டையும் அங்கேதான் உரித்தான். தோல் அவனைச் சேரும். பட்டாளத்துக்குப் பூட்ஸ் தைக்க வேண்டுமென்று தோல் வியாபாரிகள் ஊர் ஊராக வந்து கேட்டுக்கொண்டிருந்த சமயம். தோலுக்கு ஆசைப்பட்டு விஷம் வைத்துவிட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

எனக்கு அவன்மேல் சந்தேகம் இருந்ததா என்று கேட்டால், யார்மேல்தான் இல்லை? ஆனால் ஒரு விஷயம் இடித்தது. வலத்து மாடு செத்த அன்று, ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு எப்படி ஏர் ஓட்டுவது என்று அவன் கொட்டகை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். ஏர் ஓடாவிட்டால் அவனுக்கு நெல் கிடையாது. ஒரு தோலுக்காகத் தன் வீட்டுச் சோற்றுப் பானையை ஒருவன் உடைப்பானா என்று மாமனார் காதில் விழுகிற மாதிரி நான் பாத்திரத்திடம் பேசினேன். அவர் காதில் விழாத மாதிரி எழுந்து போனார்.

கொஞ்ச நாளில் இடத்து மாடும் ஏரியிலேயே விழுந்தது. இந்தத் தடவை என் வீட்டுக்காரர் கொடுவாளை எடுத்துக்கொண்டு ஓடினார். செத்த மாட்டின் தோலை முதுகிலும் விலாவிலும் தொடையிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்துப்போட்டார். கிழிந்த தோலை எந்த வியாபாரியும் தொட மாட்டான். தோலுக்கு விலை இல்லையென்றால் விஷம் வைக்கவும் ஆசை வராது என்பது அவர் யோசனை. படியாளைக் கிட்டச் சேர்க்கவில்லை. மாடு விழுந்த இடத்திலேயே கிடந்தது, நாயும் காக்கையும் இழுத்தன, ரத்தம் புல்லில் ஊறியது. ஊரே அவர் புத்தியை மெச்சியது. அதற்கப்புறம் யார் வீட்டு மாடு செத்தாலும் கொடுவாளோடு வரச் சொல்லி இவருக்குத்தான் ஆள் வரும். இவரும் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு போவார்.

தோலைக் கிழிக்கக் கிழிக்க மாடுகள் இன்னும் அதிகமாகச் செத்தன. அப்போதாவது எங்கேயோ தப்பு என்று தோன்றியிருக்க வேண்டும். எங்கள் ஊருக்கு வேறு மாதிரி தோன்றியது. முன்பு ஆசையில் வைத்தவன், இப்போது தோல் கிடைக்காத ஆத்திரத்தில் வைக்கிறான் என்றார்கள். பெண்கள் கிணற்றடியில் குடத்தை மூடி வைக்க ஆரம்பித்தார்கள். களையெடுக்க வந்த படியாள் பெண்டாட்டியை யாரும் மாட்டுத் தொட்டிப் பக்கம் விடவில்லை.

ஊர் கூடியது. படியாள் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு எட்டி நின்றான். ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் அவன் திருத்தணி மலையடிவாரத்தில் முதல் படியில் கற்பூரம் ஏற்றி, நான் வைக்கவில்லை என்று சொல்லிக் கையால் அணைக்க வேண்டும். வராமல் போனாலோ, கை பின்வாங்கினாலோ, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். போலீசுக்கும் சொல்லப்படும். மேலே கோயிலுக்குள் அவனை விடும் வழக்கம் அப்போது இல்லை. சாமியைப் பார்க்கக் கூடாதாம், சத்தியம் மட்டும் செய்யலாமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் பேசியது கொஞ்சந்தான்.

"நான் ஓட்டிகினு கீற மாட்ட நானே கொல்லுவனா, ஆண்டே? வரேன். அணைக்கிறேன்."

இதற்கு நடுவில்தான் மாட்டு டாக்டர் வந்து சேர்ந்தார். மதராசிலிருந்து வந்து திருத்தணி முசாபரி பங்களாவில் இறங்கி, வாடகை ஜட்காவில் எங்கள் ஊருக்கு வந்தார். ஒல்லியான ஆள், வட்டக் கண்ணாடி, கையில் ஒரு மரப்பெட்டி. மாட்டுக்கும் மனிதனுக்கும் பொதுவாக வருகிற வியாதிகளை ஆராய்வது தன் உத்தியோகம் என்றார். யாரும் நம்பவில்லை. பட்டாளத்துக்குக் கறிக்கு மாடு பிடிக்க ஆள் கணக்கெடுக்கிறான் என்று ஒரு பேச்சு. இல்லை, செத்த மாட்டுக்குச் சர்க்கார் வரி போடப்போகிறது என்று இன்னொரு பேச்சு. எனக்கு அவருடைய மரியாதைதான் சந்தேகமாக இருந்தது. மாட்டைப் பற்றிக் கேட்க வந்தவர், எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் உண்டா, கை காலில் புண் உண்டா என்று அவ்வளவு பதவிசாக ஏன் கேட்க வேண்டும்?

அன்றைக்குக் காலையில்தான் ஒரு கிடாரி செத்திருந்தது. அதைக் கிழிக்கக் கூடாது என்று டாக்டர் கையை நீட்டித் தடுத்தார். காது நுனியை மட்டும் வெட்டி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தீற்றினார். காதை ஒரு டப்பாவில் போட்டு மூடினார். மிச்சத்தை அப்படியே முழுசாக ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்கச் சொல்லிவிட்டு ஜட்கா ஏறினார். காதை எதற்கு எடுத்துப்போகிறான் என்று அன்று முழுக்க அதே பேச்சுதான். குழியை யாரும் வெட்டவில்லை.

கிருத்திகை நெருங்கியது. என் வீட்டுக்காரர் வருஷம் தவறாமல் புஷ்பக் காவடி எடுக்கிறவர். மஞ்சள் வேட்டி, வெற்று மார்பு, கழுத்தில் மாலை. அந்த வருஷம் எடுக்கவில்லை என்றார். ஏன் என்றால் உடம்பு அசதி என்றார். வீட்டில் துண்டுக்கு மேல் எதையும் போட்டுப் பழகாத மனுஷன், அந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தார். சோற்றைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொன்னார். ஆண்பிள்ளை சட்டைக்குள் எதையாவது மறைத்தால் பெண்டாட்டிக்கு முதலில் என்ன தோன்றும்? எவளோ கடித்துவைத்துவிட்டாள் என்றே முடிவு செய்தேன். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். கிருத்திகைக்கு முன்தினம் காலையில் பொறுக்க முடியாமல் போய்ச் சட்டைக் கையைப் பிடித்து மேலே தள்ளினேன்.

முழங்கைக்குக் கீழே கரித்துண்டு ஒட்டியதுபோல் ஒரு கறுப்புப் புண். அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். கை தோள்வரை வீங்கி இறுகிக் கிடந்தது. உடம்பு கொதித்தது. இது என்ன என்றேன். வேலிக்கு இலந்தை முள் வெட்டும்போது கீறியது, அதுதான் இப்படி ஆகிவிட்டது என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவன் சத்தியம் பண்றதுக்கு முன்னாடி என் கை வீங்கிச்சின்னா ஊரு இன்னா சொல்லும்? பொய்ப்பழி போட்டான், சாமி கேட்டுச்சின்னு சொல்லும். அது முடியட்டும். நீ வாயத் தொறக்காத."

அவனுக்கு எதிராக நிற்க வேண்டுமென்பதற்காக இந்த மனுஷன் தன் கையை அழுக விட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அந்த வீங்கின கையிலேயே ஒன்று வைக்கலாம் போலிருந்தது. செய்வினையாகக்கூட இருக்கலாம் என்று அவரே முணுமுணுத்தார். என்னைக் கேட்டால், நான் அப்போது சாமியையும் செய்வினையையும் நினைக்கவில்லை. கை கால் புண்ணைப் பற்றி அந்த மரியாதைக்காரர் ஏன் கேட்டார் என்பதுதான் மண்டையில் ஓடியது.

அன்றைக்கு மத்தியானமே டாக்டர் திரும்பி வந்தார். எங்கள் வீட்டை ஒட்டின களத்தில் ஒரு முக்காலி போட்டு, மரப்பெட்டியைத் திறந்து, பித்தளைக் குழாய் வைத்த ஒரு கருவியை எடுத்து வெயிலுக்கு நேராக நிறுத்தினார். காது ரத்தத்தில் இருந்ததை எல்லாரும் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். முதலில் பார்த்தது மாமனார். ரொம்ப நேரம் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, முடி தெரிகிறது என்றார். அது அவருடைய கண் இமை முடி. டாக்டர் சிரிக்காமல் தலையைச் சரியாக வைத்துக் காட்டினார். பிறகு மூங்கிலைக் கணுக் கணுவாக வெட்டி வரிசையாக வைத்த மாதிரி ஏதோ தெரிகிறது என்று ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். இவனே கண்ணாடியில் வரைந்துகொண்டு வந்திருப்பான் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இது விஷமில்லை, அடைப்பானிலேயே ஒரு வகை. இந்தக் கிருமி செத்த மாட்டுக்குள் அடைந்து கிடந்தால் அழுகலிலேயே செத்துப்போகும். தோலைக் கிழித்து ரத்தத்தில் காற்றுப் பட்டால் விதைபோல இறுகி, மண்ணில் வருஷக்கணக்காகக் கிடக்கும். அந்தப் புல்லை மேய்கிற மாட்டுக்குள் போய் மறுபடி முளைக்கும். முதல் மாட்டுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, பின்னால் செத்ததெல்லாம் அநேகமாக ஏரிக்குள் கிழித்துப்போட்டதனால் வந்தது என்றார். அப்படியானால் முதல் மாட்டை உரித்த படியாளுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று மாமனார் மடக்கினார். கையில் காயம் இல்லாதது அவன் அதிர்ஷ்டம், பாறை மேட்டில் வைத்து உரித்தது உங்கள் அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். பிறகு, மாடுகளைக் கிழித்தது யார், அவர்கள் கையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

கொடுவாளோடு வரச் சொல்லி ஆள் அனுப்பினவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, சேரிக்காரன்தான் கிழித்தான் என்றார். படியாள் களத்து ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் மாமனாரை நிமிர்ந்து பார்த்தான். நான் நெற்குதிர் மறைவில் இருந்தேன். அந்நிய ஆணிடம் பேசுகிற வழக்கம் எனக்குக் கிடையாது, அதிலும் மாமனார் இருக்கிற இடத்தில். ஆனால் உள்ளே ஒரு கை கறுத்துக்கொண்டிருந்தது, வெளியே ஒருவன் தலையில் இன்னொரு பொய் ஏறிக்கொண்டிருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தேன்.

"இல்லீங்க. கிழிச்சது எங்க வூட்டுக்காரரு. கொட்டாயில கீறாரு, கை கறுத்துப் போச்சு. வந்து பாருங்க."

மாமனார் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். டாக்டர் ஓடியே வந்தார். புண்ணைத் தொடாமல் குனிந்து பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் இவர். வலியில்லாததுதான் கவலையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தன் ஜட்காவிலேயே ஏற்றச் சொன்னார். மாட்டு வைத்தியன் மனுஷனுக்கு வைத்தியம் சொல்வதா என்று மாமனார் வழியை மறித்தார். அப்போதுதான் டாக்டர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார்.

"மாட்டுக்கு வந்ததுதாங்க உங்க பிள்ளைக்கும் வந்திருக்குது. யாரும் எதையும் வைக்கல. அவரு கிழிச்ச தோல்ல இருந்து அவரு கைக்கு ஏறியிருக்குது. இன்னும் நின்னு பேசிக்கிட்டிருந்தீங்கன்னா பிள்ளை தங்க மாட்டாரு."

திருத்தணி ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. மறுநாள் கிருத்திகை. ஜன்னலுக்கு வெளியே அரோகரா சத்தமும் பம்பையும் ஓயவில்லை, உள்ளே இவர் பிதற்றிக்கொண்டு கிடந்தார். நரம்பில் ஊசி போட்டார்கள். அந்த மருந்தில் கொஞ்சம் பாஷாணச் சேர்க்கை உண்டு என்று கம்பவுண்டர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அந்த ஜுரத்திலும் இவர் கண்ணைத் திறந்து, யார் வாங்கிவந்த மருந்து என்று என்னைக் கேட்டார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பாவா, பேசாமல் கிட என்று அதட்டி, இன்னொரு கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஊசி ஏறியது. மறுநாள் விடியும்போது ஜுரம் இறங்கியிருந்தது.

பிழைத்தார் என்று ஆஸ்பத்திரி டாக்டர் வாயால் கேட்டதும் கற்பூரம் ஏற்றலாமென்று மலையடிவாரத்துக்குப் போனேன். கூட்டம் வடிந்து, வாடின பூவும் சாணியுமாகக் கிடந்தது. முதல் படிக்குப் பக்கத்தில் படியாள் நின்றுகொண்டிருந்தான். குளித்து ஈர வேட்டியோடு வந்திருந்தான், வேட்டி உடம்பிலேயே காய்ந்துவிட்டது. கையில் கற்பூரப் பொட்டலம். விடிந்ததிலிருந்து நிற்கிறானாம். ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. பேச்சு முடிந்துபோனது, நீ வரவேண்டாம் என்று அவனுக்குச் சொல்லவும் ஒருவருக்கும் தோன்றவில்லை. வியாதிதான் என்று தெரிந்துவிட்டது, நீ போகலாம் என்றேன்.

"அத ஆண்டே சொன்னாருங்களா, டாக்டரு சொன்னாருங்களா?"

டாக்டர் என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு படியில் கற்பூரத்தை வைத்து ஏற்றினான். நான் வைக்கல என்று மலையைப் பார்த்துச் சொன்னான். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினான். அணைந்த பிறகும் கையை எடுக்கவில்லை. நான் பார்த்துவிட்டேன், ஊரில் சொல்கிறேன் என்றேன். ஊரில் சொன்னேன். சரி சரி, யார் இப்போது அதைப் பேசினார்கள் என்றார் மாமனார்.

டாக்டர் மிச்ச மாடுகளுக்கெல்லாம் ஊசி போட்டுவிட்டு மதராசுக்குப் போய்விட்டார். செத்த மாடுகளைப் புதைக்கச் சேரியிலிருந்து யாரும் வரவில்லை. மாமனாரும் மற்ற பெரிய தலைகளும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தாங்களே குழி வெட்டினார்கள். ஏரிக்குள் அந்த இடத்துக்கு முள் அடைத்தார்கள். சாவு நின்றது. இவர் கையில் புண் ஆறி ஒரு பள்ளம் மட்டும் தங்கியது.

ஐப்பசியில் புது ஜோடி மாடு வாங்கினோம். இவர் படியாளுக்குச் சொல்லியனுப்பினார். வந்து வாசலில் நின்றான். நாளையிலிருந்து ஏர் கட்டு என்றார் இவர், நேற்றுதான் விட்டுப்போன வேலை மாதிரி. வேறு ஒரு வார்த்தை வரவில்லை. வரும் வரும் என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணவூர்ப் பக்கம் ரயில் பாதை வேலைக்குப் பேசியிருக்கிறேன், பிள்ளைகளோடு போகிறேன், சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றான் அவன். இவர் தோளைக் குலுக்கிக்கொண்டு புது மாட்டைத் தடவப் போய்விட்டார்.

வெயிலில் வந்தவனை வெறுமனே அனுப்ப மனசில்லை. கொட்டகைக் கூரையில் செருகியிருந்த தன் தகரக் குவளையை எடுத்து அவன் நீட்டினான். நான் மோர் ஊற்றினேன். எத்தனையோ வருஷமாக அவன் எங்கள் வீட்டு மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போகிறவன். அன்று குவளையை உடனே வாய்க்குக் கொண்டுபோகவில்லை. உள்ளே பார்த்தான். மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினான். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"வூட்லயே கூழு குடிச்சிட்டேன்மா."

மோரை முருங்கை மரத்தடியில் ஊற்றினான். குவளையைத் தொட்டித் தண்ணீரில் கழுவக்கூட இல்லை. அதைத் துண்டில் முடிந்துகொண்டு தெருவில் இறங்கி நடந்தான். எனக்குச் சுரீரென்றது. கூப்பிட்டு, அதில் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் குடித்திருக்க மாட்டேன்.